எரியாத லைட்டை நம்பி மலை ஏறினேன்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம். பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி, காரையாறு போகிற மலை ரோட்டில் என் வேன் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே 17 பேர். மூன்று நாள் தங்குவதற்கு வேண்டிய அரிசி மூடை, பாத்திரங்கள், மேலே கேரியரில் தார்ப்பாய். எல்லாரும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு போனதால் இரண்டாம் கியரைத் தாண்ட வழியில்லை.

என் கண் அடிக்கடி டேஷ்போர்டுக்குத்தான் போனது. சூடு காட்டுகிற முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது. அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. மரநிழல் வந்துவிட்டது, வண்டி சூடு தணிகிறது என்று நினைத்தேன். சிவப்பு லைட் ஒன்றும் எரியவில்லை. என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "ஏ தம்பி, காலு சுடுதுய்யா, என்னன்னு பாரேன்" என்றார். "மலை ஏறுதுல்லா ஆச்சி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

இன்னும் இரண்டு வளைவுதான் போயிருப்போம். என்ஜின் சத்தம் மாறியது. உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு ஓசை. வண்டி இழுக்கத் திணறி நின்றே விட்டது. எல்லாரையும் இறக்கிவிட்டு மூடியைத் தூக்கினேன். பெயின்ட் கருகின வாடையும் என்ஜினைக் குளிர வைக்கத் தண்ணீரோடு கலக்கிற கூலன்டின் இனிப்பு வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கூலன்ட் டப்பாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ரேடியேட்டரிலிருந்து வருகிற கீழ் ஹோஸ், கிளிப்பை ஒட்டி விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. திரும்பிப் பார்த்தால் வந்த ரோட்டில் வளைவு வரைக்கும் ஒரு ஈரக் கோடு.

அப்போதும் டேஷ்போர்டைப் பார்த்தேன். என்ஜின் நின்றதால் ஆயில் லைட்டும் பேட்டரி லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. தண்ணீருக்கென்று இருக்கிற இரண்டு லைட்டும் இருட்டாகவே இருந்தன. முள் கீழே படுத்துக் கிடந்தது.

வேன் வாங்கப் போகிற தம்பிகள் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி, "பழைய வண்டியில அந்தக் கூலன்ட் லைட்ட நம்பலாமாண்ணே?" என்பதுதான். என் பதில் இது: எரிந்தால் முழுக்க நம்பு, உடனே ஓரம் கட்டு. எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதே. இரண்டும் ஒரே பதில் மாதிரித் தோன்றும், அப்படி இல்லை. அந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையும் ஆவணி முகூர்த்த ஓட்டம் அத்தனையையும் இழந்தேன்.

வந்தவர்களைப் பின்னால் வந்த வண்டிகளில் இரண்டு மூன்று பேராகப் பிரித்து ஏற்றிவிட்டு, மறுநாள் வேனை இழுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஹெட் பெண்ட் ஆகியிருந்தது. என்ஜினின் அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, மேலே இருக்கிற ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் ஓடி இரண்டையும் ஒரு நிலையில் வைத்திருக்கும்வரை சரி. தண்ணீர் போய்விட்டால் ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும், நடுவில் கசியாமல் அடைத்து வைக்கிற கேஸ்கட் நசுங்கிவிடும். லேத்தில் கொடுத்து வளைவைச் சமப்படுத்தி ஃபேஸிங் பண்ணி, கேஸ்கட் மாற்றி, வண்டி வெளியே வர மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் பாய் எனக்குக் காட்டியதை இங்கே அப்படியே சொல்ல வேண்டும். நான் லைட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் டீ போடுகிற அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். என் வண்டியின் சூட்டு சென்சாரைக் கழற்றி, ஒயரில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு அது. இன்னொரு கையில் மல்டிமீட்டர். பச்சைத் தண்ணீரில் மின்தடை 400 ஓமுக்கு மேலே காட்டியது. சூடு ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வந்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 50-க்குக் கீழே போய்விட்டது. ஓம் குறைந்தால் முள் ஏறும், அவ்வளவுதான் கணக்கு. "சென்சார் நல்லாத்தானே இருக்கு பாய்" என்றேன். அவர் ஒயரை மேலே தூக்கினார். சென்சார் தண்ணீரை விட்டு வெளியே வந்து பாத்திரத்துக்கு மேலே தொங்கியது. கீழே தண்ணீர் கொதித்துக்கொண்டேதான் இருந்தது. மீட்டரில் எண் 60, 80 என்று ஏறத் தொடங்கியது.

"பாத்தியளா? உள்ள கொதிக்கு. இது ஆறிட்டுன்னு சொல்லுது. தண்ணியே இல்லன்னா இது எதத் தொட்டு சூட்ட அறியும்?"

காரையாறு ரோட்டில் முள் இறங்கியதைப் பார்த்து நான் நிம்மதியானேன் அல்லவா, அதன் அர்த்தம் எனக்கு அந்த அடுப்பங்கரையில்தான் விளங்கியது. வண்டி ஆறவில்லை. தண்ணீர் சென்சார் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. ஏற்றத்தில் திணறுகிற வண்டியில் காரணமே இல்லாமல் முள் இறங்கினால், முள் ஏறுவதைவிட அது மோசமான செய்தி.

சரி, முள் ஏமாற்றியது. சிவப்பு லைட் ஏன் எரியவில்லை? என் வண்டியில் அது தனி சுவிட்ச். குறிப்பிட்ட சூடு வந்தால் உள்ளே இருக்கிற தகடு வளைந்து தொட்டு லைட்டை எரிய வைக்கும். பாய் அதைத் துடைத்துக் காட்டினார். 115 என்று பொறித்திருந்தது. ரேடியேட்டர் மூடி சும்மா மூடி இல்லை, உள்ளே அழுத்தம் பிடித்து வைக்கிற வால்வு அது. 0.9 பார் மூடி ஒழுங்காக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி பக்கம் வரைக்கும் கொதிக்காது. கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் இன்னும் மேலே தாங்கும். அந்த அழுத்தம் இருக்கிறவரை 115 என்கிற எல்லைக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஹோஸ் வெடித்த நிமிஷமே அழுத்தம் போய்விட்டது. அப்புறம் தண்ணீர் 100-லேயே, கூலன்ட் கலந்திருந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே, கொதித்து ஆவியாகிப் போய்விடும், 115-ஐத் தொடவே தொடாது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது காத்திருந்த சூடு, அது இருந்த இடத்துக்கு வரவே இல்லை. உடைந்துபோன சென்சார் என்றால் மாற்றிவிடலாம். நல்ல சென்சாரே சொல்ல முடியாத ஒரு நிலைமை உண்டு என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

இதற்காகத்தான் மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறார்கள், கூலன்ட் டப்பாவில் இருக்கிற மட்டம் காட்டும் லைட். என் வண்டியில் டப்பாவுக்குள் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி சுவிட்ச் சேர்ந்து லைட் எரியும். என் வண்டியில் ஹோஸ் வெடித்தால் முதலில் காலியாகிறது டப்பாதான். ஆக, என்ஜின் சூடாவதற்கு முன்னாலேயே இந்த லைட் எரிந்திருக்க வேண்டும். டப்பாவிலிருந்து வருகிற ஒயரைப் பிடித்துக்கொண்டே பாய் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டார். வெளியே எடுத்தபோது அவர் கையில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு நுனி இருந்தது. யாரோ வெட்டி, சுத்தமாக டேப் சுற்றி, மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்த டேப்பைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. 17 பேர் உட்கார்ந்து போகிற வண்டி அது.

எனக்கு வண்டியை விற்றவரை ஒன்றரை வருஷம் கழித்துச் சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். சண்டை போடவில்லை, கேட்டேன். "அது சும்மா சும்மா எரியும் தம்பி. தண்ணி ஊத்துனா அணஞ்சிரும், நாலு நாள் கழிச்சு மறுபடி எரியும். ஏறுத சனம் பயப்படுதாவ. அதான் வெட்டி விட்டுட்டேன்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை, அவர் நம்பித்தான் சொன்னார். ஆனால் ஹெட்டைக் கழற்றிய அன்றைக்கே பாய் இன்னொன்றும் எனக்குக் காட்டியிருந்தார். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே இருக்கிற சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் கசிந்து வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே விட்டிருப்பது. அதிலிருந்து கீழே வரைக்கும் துருவும் உப்புமாகத் தடித்த ஒரு தடம் இறங்கியிருந்தது. ஒரு மாதத்தில் உண்டான தடம் இல்லை அது. ஆக, லைட் ஒரு நாளும் சும்மா எரியவில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் உண்மையிலேயே குறைந்தது, நாலு நாளைக்கு ஒரு தடவை அதைச் சொன்னது. தண்ணீர் ஊற்றினால் அணைகிற லைட்டைப் பொய் லைட் என்று எப்படிச் சொல்வது? அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டிருக்க வேண்டாமா?

பொய்யாக எரிகிற லைட் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒயரைச் சேர்த்த பிறகு எனக்கே ஒரு தடவை நடந்தது. நாகர்கோவிலில் காலை முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வண்டி நிறைய. நாங்குநேரி டோல்கேட் தாண்டினதும் மட்டம் லைட் எரிந்தது. ஓரம் கட்டினேன். மாப்பிள்ளையின் தாய்மாமா இறங்கி வந்து, "தம்பி, முகூர்த்தம் தவறிரப்படாது, பாத்துக்கிடுங்க" என்றார். டப்பாவைப் பார்த்தேன், தண்ணீர் கோட்டுக்குச் சரியாக இருந்தது. ஹோஸ் எல்லாம் தொட்டுப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மிதவைதான் உப்புப் பிடித்துக் கீழே ஒட்டியிருந்தது. டப்பாவை இரண்டு தட்டு தட்டினதும் விடுபட்டு லைட் அணைந்தது. இருபது நிமிஷம் போனது. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். இதே மாதிரி நாளைக்கு எரிந்தாலும் நான் நிறுத்தத்தான் செய்வேன். அன்றைக்கு இரவு மிதவையைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். வெட்டவில்லை.

சில வண்டிகளில் மிதவை கிடையாது, டப்பாவுக்குள் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வழியாக இரண்டுக்கும் இடையே மின்சாரம் போனால் மட்டம் சரி என்று அது எடுத்துக்கொள்ளும். கம்பி அரித்துப் போனாலோ, கூலன்ட் கலக்காமல் வெறும் பேட்டரித் தண்ணீரை ஊற்றினாலோ, நிறைய இருக்கும்போதே எரியும். சூட்டு முள்ளும் டீசல் முள்ளும் இரண்டும் சேர்ந்து கிறுக்குப் பிடித்த மாதிரி ஏறினால், அது தண்ணீர் பிரச்சினை இல்லை. மீட்டருக்குப் போகிற எர்த்தையோ, மீட்டருக்கு அளவாக வோல்டேஜ் கொடுக்கிற சின்ன ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும். இதையெல்லாம் வண்டியை நிறுத்தி, மூடியைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு 'இது வயரிங் கோளாறுதான்' என்று தீர்ப்பு சொல்லக் கூடாது.

தண்ணீரைப் பற்றி நம் பக்கத்து ஆட்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நமக்கென்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு' என்று கேட்பவர்கள் நிறைய. கூலன்ட் பனிக்கு மட்டும் இல்லை. கொதிநிலையை ஏற்றுவதும், உள்ளே துருப் பிடிக்காமல் தடுப்பதும் அதுதான். அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் வாய்த்திருக்கிறது, உப்பு குறைவு. அதே வண்டி ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போய், வழியில் கண்ட போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் கதை வேறு. என் சென்சாரின் பித்தளை முனையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படலம் படிந்திருந்தது. பாய் நகத்தால் சுரண்டினார், ஓடு ஓடாக வந்தது. அந்தப் படலத்தைத் தாண்டிச் சூடு உள்ளே போகத் தாமதமாகும், அந்த அளவுக்கு முள்ளும் தாமதமாக ஏறும். அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. சூட்டைக் கூட்டுவதும் அது, கூடின சூட்டை மறைப்பதும் அது.

இன்னொரு பழக்கம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. 'வால்வை எடுத்துட்டா வண்டி சூடே ஆகாது' என்பார்கள். என்ஜின் சூடாகிறவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து, வழக்கமாக 80 டிகிரியைத் தாண்டித் திறக்க வேண்டிய வால்வு அது. அது இல்லாவிட்டால் முள் பெரும்பாலும் கீழேயே கிடக்கும், என்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, முள்ளின் வழக்கமான இடம் எதுவென்றே டிரைவருக்குத் தெரியாமல் போவது. வழக்கம் தெரிந்தால்தானே மாறியது தெரியும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்றை அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அத்தனை காற்றாலைகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன. நாகர்கோவிலுக்குப் போகும்போது அந்தக் காற்று எதிரே வந்து ரேடியேட்டரில் மோதும். வண்டி இழுக்கச் சிரமப்படும், ஆனால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். திரும்பிக் காவல்கிணறு வரும்போது காற்று முதுகில். நீங்கள் 40-ல் மெதுவாக வருகிறீர்கள், காற்றும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கூடவே வருகிறது என்றால், முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். திரும்பி வரும்போதுதான் என் முள் கூடுதலாக ஏறுவதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். காரணம் புரியாமல் பாரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரி லைட்டையும் தண்ணீர் லைட்டின் அண்ணனாக நினைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி மாதிரிப் பல பழைய வேன்களில் டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் பேட்டரி லைட் அந்த நொடியே எரியும், முள் ஏறுவது அப்புறம்தான். 'சார்ஜ் ஏறலன்னா என்ன, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்' என்று ஓட்டினால் வீட்டுக்கு முன்னாலேயே ஹெட் போய்விடும்.

நிறுத்தின பிறகு அவசரப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள். வள்ளியூரில் எனக்குத் தெரிந்த ஒரு கிளீனர் பையனுக்கு முழங்கைவரை வெந்துபோனது. உள்ளே அழுத்தத்தில் 100-ஐத் தாண்டி அடங்கியிருக்கிற தண்ணீர், மூடி தளர்ந்ததும் மொத்தமாக ஆவியாகிப் பீறிடும், கையை எடுக்க நேரம் இருக்காது. அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் வேண்டாம், ஹெட்டில் விரிசல் விழலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டப்பாவைப் பார்ப்பேன். சாவியை ஒரு திருப்புத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், எந்தெந்த லைட் எரிகிறது என்று எண்ணுவேன். பல பழைய வண்டிகளில் தண்ணீர் லைட் அந்தச் சோதனையில் எரியாது, ஆகவே மாதம் ஒரு தடவை அதற்குத் தனிச் சோதனை. சுவிட்சில் இருக்கிற ஒற்றை ஒயரைக் கழற்றி, சாவி திருப்பின நிலையில் என்ஜின் உடம்பில் தொட வேண்டும். சிவப்பு லைட் எரிந்தால் பல்பும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன. முள்ளின் ஒயரை ஒரு நொடி தொட்டால் முள் உச்சிக்கு ஏறும், உடனே எடுத்துவிட வேண்டும். ஒற்றை ஒயர் வண்டிகளுக்கு மட்டும் இது. புது வண்டிகளில் சென்சார் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது, அதில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அதோடு பாய் சொல்லி இன்னொன்றும் பொருத்தினேன். ஹெட்டிலேயே ஒரு போல்ட்டின் கீழே மாட்டுகிற வளையம் மாதிரி சென்சார், டேஷ்போர்டில் ஒரு சின்ன எண் காட்டும் பெட்டி, ஒரு பஸ்ஸர். அது தண்ணீரைத் தொடுவதில்லை, உலோகத்தின் சூட்டையே நேராகப் பார்க்கிறது. தண்ணீர் முழுக்கப் போனாலும் அதன் எண் ஏறும், பஸ்ஸர் அடிக்கும். முண்டந்துறைக் காட்டு ரோட்டில் குறுக்கே என்ன வரும் என்று தெரியாது, என் கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும். காதுக்கு வருகிற எச்சரிக்கைதான் எனக்குத் தோதாக இருக்கிறது.

ஆச்சி வீட்டில் இந்த ஆடிக்கும் என் வண்டியைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். கீழ் ஹோஸ் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கிளிப்பை ஒட்டி விரலால் அழுத்தினால் கொஞ்சம் நொறுநொறுவென்று இருக்கிறது. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.